எடுக்க முடியாமல் போன படம் எது? கேமரா சிஸ்டம் மாற்றும் முன்

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திலோ திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு நிற்பவர்களிடையே, கூழைக்கடா வந்திருக்கிறதா என்ற விசாரிப்புக்கு இணையாக இன்னொரு கேள்வியும் அடிபடுகிறது: உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி கொண்ட டிஎஸ்எல்ஆரை விற்றுவிட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ்ஸுக்குப் போய்விடலாமா? அப்படிப் போவதென்றால் அதே நிறுவனத்திலேயே இருப்பதா, வேறு நிறுவனத்துக்குத் தாவுவதா? ஆசிரியர்கள், மில் ஊழியர்கள், பனியன் கம்பெனி நடத்துபவர்கள், விவசாயிகள் என்று இந்தப் பகுதியில் கேமராவை விருப்பத்துக்காக மட்டும் வைத்திருப்பவர்கள் பலர். படம் எடுத்து ஒரு ரூபாயும் திரும்பப் பெறப்போவதில்லை. அதனால் திருமணப் படம் எடுப்பவர் போடும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் நிறுவனத்தை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய சிலருக்கு மிகத் தெளிவான காரணம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் புதிய மாடலின் விவரப் பட்டியல் சொல்லாது. எடுக்க முயன்று தவறவிட்ட உங்கள் படங்கள்தான் சொல்லும்.

இந்தக் கேள்வி இப்போது இவ்வளவு அழுத்தமாக எழுவதற்குக் காரணம் சந்தையில் இருக்கிறது. உலகம் முழுவதும் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010இல் 12 கோடியைத் தாண்டி உச்சத்தில் இருந்தது. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கைபேசி சிறிய கேமராக்களை விழுங்கியபின், மிஞ்சிய நிறுவனங்கள் விலை கூடிய கேமராக்களை நம்பி வாழ வேண்டியதாயிற்று. லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்புக்கு மவுண்ட் என்று பெயர். 2018இல் மிர்ரர்லெஸ்ஸுக்காக நிக்கான் இசட் மவுண்டையும், கேனான் ஆர்எஃப் மவுண்டையும் கொண்டுவந்தன. சோனி அதற்கு முன்பே, 2013இல், முதல் ஏ7 மூலம் ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கொண்ட மிர்ரர்லெஸ்ஸில் இறங்கிவிட்டது. 2020க்குப் பிறகு நிக்கானும் கேனானும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. பெண்டாக்ஸ் மட்டும் 2021இல் கே-3 மார்க் 3 மாடலைக் கொண்டுவந்தது. ஆகவே 'டிஎஸ்எல்ஆர் முடிந்துவிட்டது' என்ற பேச்சு, நிறுவனங்களின் தயாரிப்புத் திட்டத்தைப் பொறுத்தவரை உண்மை. அதனால் உங்கள் கையில் இருக்கும் நிக்கான் டி7500 டிஎஸ்எல்ஆர் நேற்று எடுத்த படத்தை இன்று எடுக்காமல் போய்விடாது. மற்றவர்கள் விற்றுவிட்டுப் போவதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் செகண்ட்ஹேண்டில் மலிவாகியிருப்பதையும் கவனியுங்கள். இருக்கும் சிஸ்டத்திலேயே தங்குபவருக்கு இது நல்ல காலம்.

புதிய சிஸ்டம் என்றால் நீண்ட ஆயுள் உறுதி என்றும் எண்ணிவிட வேண்டாம். நிக்கான் 2011இல் தொடங்கிய 'நிக்கான் 1' மிர்ரர்லெஸ் வரிசை 2018இல் முடிந்தது. கேனான் 2012இல் தொடங்கிய ஈஎஃப்-எம் வரிசையை 2023இல் நிறுத்திவிட்டது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே விற்றுவிட்டு வெளியேறியது. அது 2021 முதல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் தொடர்கிறது. அதற்கும் முந்தைய தலைமுறை ஸ்டுடியோக்காரர்களுக்கு 1987 நினைவிருக்கும். கேனான் அந்த ஆண்டு ஈஎஃப் மவுண்டுக்கு மாறியபோது, பழைய எஃப்டி லென்ஸ்கள் புதிய பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்களில்) பொருந்தாமல் போயின. நிக்கானோ 1959இல் தொடங்கிய எஃப் மவுண்டை அறுபது ஆண்டுகளுக்கு இழுத்துவந்தது.

இம்முறை நிலைமை 1987ஐவிட மேல். அதற்குக் காரணம் ஓர் எளிய இயற்பியல். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒரு நிர்ணயித்த தூரம் உண்டு. நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ., இசட் மவுண்டில் 16 மி.மீ. கேனான் ஈஎஃப்பில் 44, ஆர்எஃப்பில் 20. சோனி ஈ மவுண்டில் 18. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டியிருந்தது. கண்ணாடி போனதும் அந்த இடைவெளி குறைந்தது. நிக்கான் எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட, மிச்சமுள்ள 30.5 மி.மீ. தூரத்தை ஒரு குழாய் நிரப்பினால் போதும். நடுவில் எந்தக் கண்ணாடிச் சில்லும் தேவையில்லை என்பதால் படத்தின் தரம் குறைவதில்லை. அடாப்டர் என்பது இவ்வளவுதான். மிர்ரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாததற்கும் இதே கணக்குதான் காரணம்.

ஆகவே ஒரே நிறுவனத்துக்குள் டிஎஸ்எல்ஆரிலிருந்து மிர்ரர்லெஸ்ஸுக்குப் போவது, சிஸ்டத்தை முழுதாகத் தூக்கிப்போடுவது ஆகாது. பாடியை மட்டும் மாற்றிவிட்டு, லென்ஸ்களைப் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளலாம். கேனானில் இது மிகச் சுலபம்: ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸுடன் இயங்குகின்றன. நிக்கானில் ஒரு பள்ளம் இருக்கிறது. எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகள் நன்றாக வேலை செய்யும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி5600 போன்ற பாடி வைத்திருந்தவர்களிடம் ஏஎஃப்-டி பெரும்பாலும் இருக்காது, அந்த பாடிகளிலும் மோட்டார் இல்லை என்பதால். டி750 வைத்துக்கொண்டு பழைய 50 மி.மீ. 1.8டி, 80-200 என்று மலிவாகச் சேர்த்தவர்கள்தான் இங்கே அடிபடுகிறார்கள். சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 வகை லென்ஸ்களில் சில பழைய பதிப்புகள் அடாப்டரில் தகராறு செய்கின்றன. உங்கள் லென்ஸைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

வேறு நிறுவனத்துக்குப் போவது முற்றிலும் வேறு கணக்கு. லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி எல்லாவற்றையும் விற்றாக வேண்டும். ஒரு பாடியும் மூன்று லென்ஸும் சேர்த்து இரண்டு லட்சம் போட்டு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி விலைக்குப் போனாலும், புதிய சிஸ்டத்தில் முதல் படம் எடுப்பதற்கு முன்பே ஒரு லட்சம் போய்விட்டது. அந்த ஒரு லட்சத்துக்கு இருக்கும் சிஸ்டத்தில் என்ன லென்ஸ் கிடைத்திருக்கும் என்பதுதான் உண்மையான ஒப்பீடு. புதிய கேமராவையும் பழைய கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யும் யூடியூப் ஒப்பீடுகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

இனி நம் ஊர்ப்புறத்துப் படங்களுக்கு வருவோம். எந்தப் படத்துக்கு எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விடை தெரியும். கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்காமல் மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுகிறவர் இந்தப் பகுதியில் யாரும் இல்லை; கேமராவிலும் அதே நிதானம் வேண்டும்.

முதலில் பறவைகள், ஏனென்றால் சிஸ்டம் மாற்றுவதற்கு வலுவான நியாயம் இங்கேதான் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் புள்ளிகள் சட்டகத்தின் நடுவே குவிந்திருக்கும். கேனான் 1500டியில் 9, நிக்கான் டி5600இல் 39, டி7500இல் 51. பறக்கும் பஞ்சுருட்டானை அந்தப் புள்ளிகளுக்குள் விடாமல் வைத்திருப்பது உங்கள் கையின் வேலை. மிர்ரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. ஏறத்தாழ சட்டகம் முழுவதும் அது பறவையை அடையாளம் கண்டு, கண்ணைப் பிடித்து, பின்தொடர்கிறது. 2020க்குப் பிறகு வந்த மாடல்களில் இது வேகமாக முன்னேறியது. 2024இல் வந்த நிக்கான் இசட்50 2 போன்ற நடுத்தர விலை பாடி வரை இறங்கிவிட்டது. சில மாடல்கள் ஷட்டர் பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய நொடியின் சட்டகங்களையும் சேர்த்துப் பதிவு செய்கின்றன. மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் தருணத்துக்காகக் காத்திருப்பவருக்கு இது பெரிய வரம். உங்கள் தவறிய படங்களில் பெரும்பங்கு, பறவை சட்டகத்தில் இருந்தும் கண்ணில் கூர்மை இல்லாதவை என்றால், தயங்காமல் மிர்ரர்லெஸ்ஸுக்குப் போங்கள்.

ஆனால் எந்த பாடிக்கு? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஃபுல் ஃபிரேம் என்றால் உயர்வு என்ற எண்ணத்தில், டி7500உம் 200-500 லென்ஸும் வைத்திருப்பவர் இசட்6 2 பாடிக்கு மாறுகிறார் என்று கொள்ளுங்கள். டி7500இன் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 20.9 மெகாபிக்சல் இருக்கிறது, 500 மி.மீ. லென்ஸ் அதில் 750 மி.மீ. போன்ற காட்சியைத் தருகிறது. இசட்6 2இல் 24.5 மெகாபிக்சல், ஆனால் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதே தூரத்துப் பறவையை அதே அளவுக்கு வெட்டி எடுத்தால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 10 மெகாபிக்சல். குளத்தின் நடுத்திட்டில் இருக்கும் பறவையின் இறகு விவரம் பாதியாகிவிட்டது. அதை ஈடுகட்ட 45 மெகாபிக்சல் வகை பாடி வேண்டும், விலையோ எங்கோ போய்விடும். பறவைகளுக்காக மாறுபவருக்கு, பறவையை அடையாளம் காணும் வசதியுள்ள ஏபிஎஸ்-சி மிர்ரர்லெஸ் பாடிதான் அறிவுள்ள வழி: நிக்கானில் இசட்50 2, கேனானில் 32.5 மெகாபிக்சல் கொண்ட ஆர்7. இருக்கிற 200-500 அடாப்டரோடு அப்படியே தொடரும்.

பறவைப் படங்களின் இன்னொரு எதிரியை எந்த நிறுவனமும் வெல்லவில்லை: கானல். மாசி, பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு மேல் குளத்தின் மீதும் கரைமேட்டின் மீதும் காற்று நெளியத் தொடங்கிவிடும். நீண்ட லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். லென்ஸ் மந்தம், ஃபோகஸ் பிசகு என்று புலம்பப்படும் படங்களில் கணிசமானவை இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. படத்தின் நேரத்தைப் பாருங்கள். ஏழு மணிப் படம் கூர்மையாகவும் பத்து மணிப் படம் கஞ்சியாகவும் இருந்தால், கேமராவை மாற்றாதீர்கள், சீக்கிரம் கிளம்புங்கள்.

இரவு நேர வள்ளி கும்மிக்கு வருவோம். ஊர் மைதானத்தில் எல்இடி விளக்கு வெளிச்சத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றி ஆடும் பெண்களையும் குழந்தைகளையும் எடுத்தவர்களுக்குத் தெரியும், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் எவ்வளவு திணறல் என்று. ஃபுல் ஃபிரேம் வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் இரவில்தான் பிறக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் சென்சாரின் பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. அதே அளவுக்கு ஒளி கூடுகிறது. எஃப் 5.6 திறப்பு (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) கொண்ட கிட் லென்ஸை எடுத்துவிட்டு எஃப் 1.8 திறப்புள்ள ஒரு 35 மி.மீ. லென்ஸை மாட்டினால், ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது. மலிவான லென்ஸ் விலை உயர்ந்த பாடியை இந்த இடத்தில் தெளிவாகத் தோற்கடிக்கிறது. சுருக்கப்படாத ரா (RAW) கோப்பாக எடுத்தால், படம் திருத்தும் லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ நாய்ஸ் நீக்கம் போன்ற மென்பொருள்கள் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நன்றாகவே துடைத்துவிடுகின்றன. மாறியபின் ஏற்படும் ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் தரம் குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். மிர்ரர்லெஸ்ஸின் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், அந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். சென்சாரை அதிவேகமாகப் படிக்கும் விலையுயர்ந்த பாடிகளில் இது குறைவு. மற்றவர்கள் இரவு விழாக்களில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஃபிளிக்கர் குறைப்பை இயக்கிக்கொள்ள வேண்டும்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை ஆகியவற்றுக்குச் சிஸ்டம் ஒரு பொருட்டே இல்லை. பகல் வெளிச்சம் கொட்டுகிறது, காளையும் மனிதர்களும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். பத்தாண்டு பழைய பாடியும் ஒரு வைட் லென்ஸும் தாராளம். கோபி வயல்வெளியும் கொடிவேரியும் அப்படித்தான். அனுமதி உள்ள மண்டபங்களில் தூண் சிற்பங்களை முக்காலி இல்லாமல் எடுப்பவருக்கு மட்டும், பாடிக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி உண்மையிலேயே உதவும். சிற்பம் அசையாது, கால் நொடிகூடக் கையில் தாக்குப்பிடிக்கலாம். கும்மியாடும் பெண்களிடம் இது பலிக்காது. அசைவது அவர்கள், உங்கள் கை இல்லை.

வால்பாறை வேறு வகைச் சோதனை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அத்தி மரத்தில் இருவாச்சிக்காகவோ, புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக்காகவோ நாள் முழுக்க நிற்பவருக்கு எடை ஒரு பெரிய விஷயம். 'மிர்ரர்லெஸ் எடை குறைவு' என்ற பேச்சை இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியோடு டி750 840 கிராம், இசட்6 675 கிராம். மிச்சம் 165 கிராம்தான். எஃப் மவுண்ட் 200-500 லென்ஸ் முக்காலியில் பொருத்தும் வளையத்தோடு 2.3 கிலோ, அதன் இடத்துக்கு வந்த இசட் 180-600 அந்த வளையம் இல்லாமலே இரண்டு கிலோவை நெருங்குகிறது. நீண்ட லென்ஸின் எடையைக் கண்ணாடிச் சில்லுகள் தீர்மானிக்கின்றன. எடை குறைய வேண்டுமென்றால் சென்சார் சிறிதாக வேண்டும், அல்லது லென்ஸின் திறப்பு குறைய வேண்டும். ஏபிஎஸ்-சியைவிடச் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 1.27 கிலோவில் 600 மி.மீ. காட்சியைத் தருகிறது. கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், ஆனால் நீண்ட முனையில் திறப்பு எஃப் 8. மரநிழலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஏறி, படத்தில் இரைச்சல் கூடும். தோள் வலியோ முதுகு வலியோ காரணமாகக் கேமராவை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் நிலைக்கு வந்தவர் நிறுவனம் மாறுவதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். மாறுவதற்கான காரணங்களில் மிக நேர்மையானது இதுவே. வயதேறிக் கண் மங்கியவர்களுக்கு மின்னணு வியூஃபைண்டரில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதியும் இதே வரிசையில் வரும்.

மலையின் ஈரத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும், ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வெளிகளில் சென்சாரில் தூசி ஏறுவதும் எந்த நிறுவனத்துக்கும் பொது. மிர்ரர்லெஸ்ஸில் கண்ணாடி இல்லாததால், லென்ஸைக் கழற்றியதும் பல மாடல்களில் சென்சார் நேராக வெளியே தெரியும். அந்தக் காற்றில் காருக்குள் உட்கார்ந்துதான் லென்ஸ் மாற்ற வேண்டும். லென்ஸ்களை நாற்பது முதல் ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் ஓர் உலர்பெட்டி, எந்தப் புதிய பாடியையும்விட உங்கள் சேகரத்தை அதிகம் காப்பாற்றும். பேட்டரியையும் கணக்கில் சேருங்கள். டி750 ஒரு பேட்டரியில் 1,230 படம் எடுக்கும் என்பது தர அளவீடு, முதல் ஏ7க்கு 340. இன்றைய மாடல்கள் முன்னேறியிருந்தாலும், காட்டுக்குப் போகும் மிர்ரர்லெஸ்காரரின் பையில் இரண்டாவது பேட்டரி இருந்தே ஆக வேண்டும்.

விவரப் பட்டியலில் இல்லாத இன்னொன்று, உங்களோடு படம் எடுக்க வருபவர்களின் மவுண்ட். பெருநகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது நான் மிக உயர்வாக மதிக்கும் காரணம். நண்பர் நான்கு பேரிடம் நிக்கான் இருந்தால் ஒரு மேக்ரோ லென்ஸ் நான்கு பேருக்கும் போதும். ஒருவர் 500 மி.மீ. வாங்கினால் எல்லோரும் மாட்டிப் பார்ப்பார்கள். ஈரோட்டிலோ கோவையிலோ திருமண ஸ்டுடியோக்கள் எந்த மவுண்ட் லென்ஸை வாடகைக்குத் தருகின்றன என்பதையும் விசாரியுங்கள். தனியாக ஒரு சிஸ்டத்துக்குத் தாவுபவர் இந்த வசதி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார். மலிவான லென்ஸ்கள் வேண்டும் என்பவர்களுக்கு சோனி ஈ மவுண்டில் தேர்வு அதிகம் என்பதும் உண்மை. சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் அங்கே நீண்டகாலமாகக் குவிந்திருக்கின்றன. கேனான் ஆர்எஃப்பில் அந்த நிறுவனங்களுக்கு 2024இல்தான் கதவு திறந்தது, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு.

முடிவெடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிக் கடந்த ஓராண்டுப் படங்களில் அழிக்காமல் வைத்திருக்கும் தோல்விகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்: தூரம், வெளிச்சம், ஃபோகஸ், நடுக்கம், நேரம் தவறியது. படத்தோடு பதிவாகும் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, குவியத்தூரம் மூன்றும் பொய் சொல்லாது. பறவை எடுக்க ஷட்டர் 1/250 நொடியில் கிடந்தால் குறை பழக்கத்தில். எப்போதும் 300 மி.மீ. முனையிலேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தால் குறை லென்ஸில். 1/2000இல் எடுத்தும் ஃபோகஸ் பின்னாலிருக்கும் நாணலில் விழுந்திருந்தால் மட்டும் குறை பாடியில். கிட் லென்ஸ் ஒன்றோடு 1500டி மட்டும் வைத்திருப்பவருக்கு இழக்க அதிகம் இல்லை. அவர் எந்த நிறுவனத்துக்கும் கவலையில்லாமல் போகலாம்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால், நீங்கள் கண்வைத்திருக்கும் பாடியை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, வழக்கமாகப் போகும் அதே குளத்துக்கு அதே நேரத்தில் போங்கள். அதிகாரப்பூர்வ வழியில் வராமல் மலிவாகக் கிடைக்கும் இறக்குமதிப் பெட்டிகளுக்கு இந்தியாவில் நிறுவன உத்தரவாதம் கிடைக்காது. ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேளுங்கள். செகண்ட்ஹேண்ட் லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். விற்கும்போது பாடியை முதலில் விற்றுவிடுங்கள், அதன் விலைதான் வேகமாக இறங்கும். அடாப்டரில் இயங்கும் நல்ல லென்ஸ்களை ஒரு பருவமாவது வைத்திருந்து பார்த்தபின் விற்கலாம். வாங்குவதைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொண்டால், ஐப்பசியில் வலசைப் பறவைகள் வந்திறங்கும்போது புதிய மெனுவும் பொத்தான்களும் விரலுக்குப் பழகியிருக்கும்.